கோட்டக்குப்பத்துக் கோடு

முத்தியால்பேட்டையைக் கடந்து வடக்கு நோக்கி நடப்போமானால் கோட்டக்குப்பம் எதிர்ப்படுகிறது. ஊர் மாறியதை உணர்த்த ஆறும் இல்லை, மலையும் இல்லை. அதே கடற்காற்று, அதே தென்னை, அதே தமிழ். பெண் கொடுத்தும் பெண் எடுத்தும் உறவான குடும்பங்கள் இப்பாலும் இருக்கின்றன, அப்பாலும் இருக்கின்றன. எனினும் தெற்கே இருப்பது புதுச்சேரி ஒன்றியப் பகுதி. வடக்கே இருப்பது தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டம். இன்னும் சில கிலோமீட்டர் சென்றால் காலாப்பட்டில் மீண்டும் புதுச்சேரி வருகிறது. அதையும் கடந்தால் மீண்டும் தமிழ்நாடு! ஒரே கடற்கரை, ஒரே சாலை. ஆனால் ஆட்சி மட்டும் அடிக்கு அடி மாறுகிறது.

இன்று இந்தக் கோட்டின் வேலை சிறிது. மதுப்புட்டி ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் போகாமல் காவலர் பார்த்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் 1954ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் முடிய, இதுவே இரு நாடுகளின் எல்லை. இப்பக்கம் நடப்பது ஒரு சட்டம்; பத்தடி தள்ளி நடப்பது வேறொரு சட்டம். இங்கே குற்றவாளி எனத் தேடப்பட்டவன், அங்கே போய் நின்றால் விருந்தாளி.

இந்தக் கோட்டைக் கிழித்தவர் யார்? ஆண்டவன் கிழித்ததென்று எந்தப் புராணமும் கூறவில்லை. இயற்கை கிழித்ததென்று நில நூலும் கூறவில்லை. ஐரோப்பாவின் அரண்மனைகளில், நம் மக்களைக் கண்டறியாதவர்கள், இறகுப் பேனாவை மையில் தோய்த்து எழுதிய தாள்கள் கிழித்த கோடு இது. அந்தத் தாள்களுக்கு ஒப்பந்தம் என்று பெயர். அவற்றைத் தாங்கி நிற்கும் முறைக்குச் சர்வதேசச் சட்டம் என்று பெயர்.

இந்தச் சட்டத்தைப் பற்றி இரு வகையான பேச்சு உண்டு. உலகில் அறம் நிலைக்க இதைவிட்டால் வேறு வழியில்லை என்பர் ஒரு சாரார். பலமுள்ளவன் மீறும்போது கைகட்டி நிற்பதும், பலமற்றவன் இடறும்போது தடியெடுப்பதுமான சட்டம் என்பர் மற்றொரு சாரார். இவ்விரண்டில் எது மெய்? ஏட்டில் தேடுவதைவிடக் கோட்டக்குப்பத்துக் கோட்டையே உரைகல்லாகக் கொண்டு உரைத்துப் பார்ப்போம்.

1674இல் பிரெஞ்சுக் கம்பெனியின் பிரான்சுவா மார்த்தேன் புதுச்சேரியில் காலூன்றினார். 1693இல் டச்சுக்காரர் அந்நகரைப் பிடித்தனர். 1697இல் ஐரோப்பாவில் ரிஸ்விக் உடன்படிக்கை ஏற்பட்டது. புதுச்சேரி பிரெஞ்சுக்காரருக்குத் திரும்பிற்று. 1761இல் ஆங்கிலேயர் பிடித்து நகரையே தரைமட்டமாக்கினர். 1763இன் பாரிஸ் உடன்படிக்கை அதைத் திருப்பிக் கொடுத்தது. 1778இல் மறுபடி பிடித்தனர். 1783இன் வெர்சேல்ஸ் உடன்படிக்கை மறுபடி திருப்பிக் கொடுத்தது. 1793இல் மீண்டும் பிடித்தனர். 1802இன் அமியான் உடன்படிக்கை மீட்டுத் தருவதாகக் கூறியது. மறு ஆண்டே போர் மூண்டது. நகர் ஆங்கிலேயர் கையிலேயே தங்கிற்று. 1814இல் இன்னொரு பாரிஸ் உடன்படிக்கை. 1816இல் பிரெஞ்சுக் கொடி திரும்ப ஏறியது.

சூதாட்டத்தில் காய் நகர்த்துவதுபோல் ஊரை நகர்த்தினர். இத்தனை உடன்படிக்கைகளில் ஒன்றிலாவது ஒரு நெசவாளியின் கைந்நாட்டு உண்டா? ஒரு மீனவனின் சம்மதம் கேட்கப்பட்டதா? காலையில் ஒரு மன்னனின் குடியாக எழுந்தவன், மாலையில் மற்றொரு மன்னனின் குடியாக உறங்கினான். இரண்டு மன்னர்களும் அவனுக்கு அந்நியரே.

சுற்றுப்புறத்து ஊர்களின் கதையும் அதுவே. நவாபுகளும் சுபேதார்களும், இன்று உதவிக்குப் படை தந்தவனுக்கு இந்த ஊர், நேற்றுக் கடன் தந்தவனுக்கு அந்த ஊர் என்று அள்ளிக் கொடுத்தனர். அதனாலேதான் புதுவை எல்லை கிழிந்த துணியைப்போல் துண்டு துண்டாகக் கிடக்கிறது. காலாப்பட்டு ஒரு துண்டாகவும் கோட்டக்குப்பம் வேறொரு துண்டாகவும் நிற்பதன் பொருள் இதுதான்.

1814இன் உடன்படிக்கை ஒரு நிபந்தனையும் விதித்தது. இந்தியாவிலுள்ள தம் குடியேற்றங்களில் பிரெஞ்சுக்காரர் கோட்டை கட்டக்கூடாது. ஊர்க்காவலுக்கு வேண்டிய அளவுக்குமேல் படை வைக்கவும் கூடாது. அடுத்த ஆண்டு, 1815இல், உப்பைப் பற்றியும் அபினைப் பற்றியும் இரு அரசுகளும் ஒரு வியாபாரம் முடித்தன. பிரெஞ்சுப் பகுதியில் விளையும் உப்பை வாங்கும் தனியுரிமை ஆங்கிலேயருக்கு. அதற்கு ஈடாக ஆண்டுதோறும் நான்கு இலட்சம் சிக்கா ரூபாய் பிரெஞ்சு அரசுக்கு! கடல் நம்முடையது, வெயில் நம்முடையது, பாத்தி கட்டிப் பாதம் வெடித்தவனும் நம்மவன். பணமோ ஒரு வெள்ளை அரசின் பெட்டியிலிருந்து இன்னொரு வெள்ளை அரசின் பெட்டிக்குப் போயிற்று. அன்றைய சர்வதேசச் சட்டத்தின் கண்ணுக்கு உப்பு தெரிந்தது. உப்பளத் தொழிலாளி தெரியவில்லை.

எனினும், அடக்குவதற்காகக் கிழித்த கோடு சில வேளைகளில் அடங்காதவனுக்கு அரணாகவும் அமைந்துவிடுகிறது. 1908இல் சென்னையில் கைதாகும் நிலை வந்தபோது பாரதியார் புதுவை சென்றார். 1910இல் அரவிந்தரும், அதே ஆண்டில் வ.வே.சு. அய்யரும் அங்கே சேர்ந்தனர். ஆங்கிலேயரின் ஒற்றர்கள் புதுவைத் தெருக்களில் மொய்த்தனர். ஆனால் கைவைக்க முடியவில்லை. ஓடிவந்த குற்றவாளிகளை ஒப்படைக்க 1815இன் உடன்படிக்கையிலேயே விதி இருந்தது. ஆனால் அரசியல் காரணத்துக்காகத் தேடப்படுகிறவனை ஒப்படைப்பதில்லை என்ற மரபு ஐரோப்பாவில் வலுத்துவிட்ட காலம் அது. அந்த மரபின் நிழலில் புதுவைத் திண்ணைகளில் கவிதை பிறந்தது. பத்தாண்டுக்குப்பின், 1918 நவம்பரில், பாரதியார் கோட்டைத் தாண்டினார். கடலூர் அருகே கைது செய்யப்பட்டார். சட்டத்தின் நிழல் எவ்வளவு தூரம் விழும் என்பதற்கு அதுவே அளவுகோல்.

அந்த நிழல் எவ்வளவு மெல்லியது என்பதற்கு அதே 1910இல் நடந்த மற்றொரு நிகழ்ச்சியும் சான்று. ஆங்கிலேயர் கப்பலில் இந்தியாவுக்குக் கொண்டுவந்த சாவர்க்கர், ஜூலை 8ஆம் நாள் பிரான்சின் மார்சேல்ஸ் துறைமுகத்தில் கடலில் குதித்துக் கரையேறினார். பிரெஞ்சுக் காவலன் ஒருவன் அவரைப் பிடித்து ஆங்கிலேயரிடமே ஒப்படைத்துவிட்டான். வழக்கு ஹேக் நகரின் நடுவர் மன்றம் வரை போயிற்று. 1911 பிப்ரவரி 24இல் தீர்ப்பு வந்தது: ஒப்படைத்த முறையில் ஒழுங்கீனம் உண்டு; ஆயினும் கைதியைத் திருப்பித்தரும் கடமை பிரிட்டனுக்கு இல்லை. அவருடைய பிற்காலக் கொள்கைகளுடன் நமக்கு எள்ளளவும் உடன்பாடு இல்லை. ஆனால் இங்கே கேள்வி கொள்கையைப் பற்றியதன்று. இரண்டு அரசுகள் தம் மானத்தைப் பற்றி வழக்காடின. கைதியோ அந்த வழக்கில் கட்சிக்காரனே இல்லை! மனிதனைப் பற்றிய வழக்கில் மனிதனுக்கு இடமில்லாமல் இருந்தது.

கோட்டுக்கு அப்பால் பிரெஞ்சுச் சட்டம் நடந்ததே, அதனால் பயனுண்டா என்று நண்பர்கள் கேட்கக்கூடும். உண்டு, ஆனால் அரைப் பயன். 1873இல் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்னும் தமிழ் வழக்கறிஞர், புதுவை நீதிமன்றத்துக்கு ஐரோப்பியரைப்போல் காலணி அணிந்து சென்றார். மன்றம் சினந்தது, தண்டித்தது. அவர் பாரிசின் உச்ச மன்றம் வரை போராடி வென்றார். பின்னர், 1881 செப்டம்பர் 21ஆம் நாள் ஆணை ஒன்று பிறந்தது. தம் சாதி, மத வழக்கச் சட்டத்தைத் துறந்துவிட்டேன் என்று எழுதிக் கொடுத்தவர், புதிய குடும்பப் பெயர் சூடி, பிரெஞ்சுச் சட்டத்தின்கீழ் வரலாம் என்றது அந்த ஆணை. ஒடுக்கப்பட்ட வகுப்பினரும் கிறித்தவரும் பெருவாரியாகத் துறந்தனர். மனுவின் பிடியிலிருந்து ஒரு கையெழுத்தில் வெளியேறும் வாயில்! உயர்சாதித் தலைமை அதைக் கண்டு கொதித்ததில் வியப்பில்லை.

ஆனால் சமத்துவம் பேசிய அதே பிரெஞ்சு ஆட்சி, 1884இல் வாக்காளரை மூன்று பட்டியலாகப் பிரித்தது: ஐரோப்பியர் ஒன்று, துறந்தவர் ஒன்று, துறவாதவர் ஒன்று. பாரிசில் சமத்துவம், புதுவையில் பட்டியல்! சாதியைத் துறந்தவன் பட்டியலில் சிக்கினான்.

தொழிலாளர் சட்டத்தைப் பாருங்கள். 1919இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு பிறந்தது. அதன் முதல் உடன்படிக்கை, நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி என்று முழங்கிற்று. உலகத் தொழிலாளர் அனைவருக்குமா? அதன் பத்தாவது விதி பிரிட்டிஷ் இந்தியாவுக்கு மட்டும் வாரத்துக்கு அறுபது மணி என்றது. பிரான்சிலோ அதே ஆண்டில் எட்டு மணிச் சட்டம் வந்தது. ஆனால் பிரான்சின் கொடி பறந்த புதுவை ஆலைகளுக்கு அது வரவில்லை. குடியேற்ற நாடுகளுக்கு உடன்படிக்கையைப் பொருத்துவதற்கு, உள்ளூர் நிலைமை இடந்தந்தால் என்று ஒரு வால் சேர்த்திருந்தனர். உள்ளூர் நிலைமையைத் தீர்மானிப்பவர் ஆள்பவரே. கோட்டுக்கு இப்பாலும் அப்பாலும் தமிழனின் முதுகு மட்டும் இரும்பாலானது என்று உலகச் சட்டம் கருதியது போலும்!

அந்த வாலை அறுத்தது எது? மனுவா, மன்றாட்டா? 1936 ஜூலை 30ஆம் நாள் புதுவை ஆலைத் தொழிலாளர் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. பன்னிரண்டு பேர் மாண்டனர். அதன்பின் 1937 ஏப்ரலில் எட்டு மணி நேர உரிமை ஆணையாக வெளிவந்தது. அப்போது கோட்டுக்கு இப்பால், பிரிட்டிஷ் இந்தியாவின் 1934ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஆலையில் நாளுக்குப் பத்து மணி வேலை. ஜெனீவாவில் எழுதிய எழுத்து, புதுவை வீதியில் சிந்திய குருதியால்தான் உயிர்பெற்றது. சட்டம் பயனற்றது என்று இதற்குப் பொருளில்லை. தானாக நடக்கும் கால் அதற்கு இல்லை என்பதே பொருள்.

1947இல் ஆங்கிலேயர் வெளியேறினர். இனிப் புதுவை என்னவாவது? இங்கேதான் முதன்முறையாக, மக்களைக் கேட்பது என்ற எண்ணம் இந்தக் கோட்டின் வரலாற்றில் தலைகாட்டுகிறது. பிரான்சின் 1946ஆம் ஆண்டு அரசியல் சட்டமே, மக்களின் சம்மதமின்றி எந்த நிலப்பகுதியையும் விட்டுக்கொடுத்தல் செல்லாது என்று கூறியது. 1948 ஜூனில் இரு அரசுகளும் மக்களே முடிவு செய்யட்டும் என்று ஒப்புக்கொண்டன. சந்திரநாகூரில் 1949 ஜூன் 19இல் வாக்கெடுப்பு நடந்தது: இணைப்புக்கு 7,463 பேர், எதிராக 114 பேர்.

புதுவையில் அது நடக்கவில்லை. 1941இல் ஏற்பட்ட சுங்க ஒன்றிப்பு 1949இல் முறிந்தது. கோட்டுப்புற ஊர்களில் சுங்கச் சாவடிகள் எழுந்தன. உறவினர் வீட்டுக்குப் போகிறவன் மூட்டையைப் பிரித்துக் காட்ட வேண்டியதாயிற்று. தங்கமும் வைரமும் கடத்தியவன் கொழுத்தான். காய்கறிக் கூடை சுமந்தவள் தவித்தாள். சர்வதேச நீதிமன்றத்தின் துணையோடு தேர்ந்தெடுக்கப்பட்ட நடுநிலைப் பார்வையாளர்கள் 1951இல் வந்து பார்த்து, அச்சமின்றி வாக்களிக்கும் சூழ்நிலை இல்லை என்று அறிவித்தனர். அதுவரை பிரெஞ்சு ஆட்சியின் தூணாக நின்ற எதுவார் குபேர் 1954 மார்ச்சில் அணி மாறினார். நெட்டப்பாக்கத்தில் தற்காலிக அரசு அமைந்தது. அதே ஆண்டு அக்டோபர் 18ஆம் நாள் கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தனர். இணைப்புக்கு 170, எதிராக 8. நவம்பர் 1ஆம் நாள் ஆட்சி கைமாறியது.

மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களுக்காக 178 பேர் பேசினார்கள். அது நிறைவான முறையா? நேரடி வாக்கெடுப்பே நேர்மையான முறை என்று நாம் சொல்லத் தயங்கவேண்டியதில்லை. ஆனாலும் ஒன்றை மறக்கலாகாது. 1697லிருந்து 1816 வரை ஒருவரைக்கூடக் கேட்கவில்லை. 1954இல் மக்கள் தேர்ந்தெடுத்தவர்களைக் கேட்டார்கள். இரண்டரை நூற்றாண்டில் சட்டம் நகர்ந்த தொலைவு அதுதான்.

இனி வருவது விந்தையான கட்டம். ஆட்சி 1954இல் வந்தது, உரிமை வரவில்லை! 1956 மே 28இல் புதுதில்லியில் ஒப்படைப்பு உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. ஆனால் பிரெஞ்சுப் பாராளுமன்றம் அதை ஏற்றால்தான் செல்லும். அல்ஜீரியாவில் போர் நடத்திக்கொண்டிருந்த பிரான்சு, ஒரு குடியேற்றத்தைக் கைவிட்டதாகக் காட்டிக்கொள்ள அஞ்சியது. அல்ஜீரியா 1962 ஜூலையில் விடுதலை பெற்றது. அதே மாதத்தில் புதுவை உடன்படிக்கையும் பிரெஞ்சுப் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. ஆகஸ்டு 16ஆம் நாள் ஏற்புப் பத்திரங்கள் பரிமாறப்பட்டன. வட ஆப்பிரிக்க மலைகளில் போராடிய அராபியன், கோட்டக்குப்பத்து எல்லைக் கதைக்கும் முற்றுப்புள்ளி வைத்தான்!

இடைப்பட்ட எட்டு ஆண்டுகளில் புதுவை யாருடையது? இந்தக் கேள்வி ஒரு பேருந்து உரிம வழக்கின் வாயிலாக இந்திய உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. புதுவை இந்திய நிலப்பரப்பில் அடங்கியதா என்று நீதிபதிகள் 1961இல் இந்திய அரசையே கேட்டனர். ஆட்சி எங்களிடம் இருக்கிறது. ஆனால் அது இந்திய நிலப்பரப்பு ஆகிவிடவில்லை என்று அரசு விடை தந்தது. காவலர் இந்தியர், நாணயம் இந்திய நாணயம், மண் மட்டும் பிரெஞ்சு மண்! நகைக்கத் தோன்றுகிறதா? நகைத்துவிட்டுச் சற்றே சிந்திப்போம். போரில்லாமல், பழிவாங்கல் இல்லாமல் ஓர் அரசு போய் மற்றோர் அரசு வந்தது என்றால், அந்த நகைப்புக்கிடமான எட்டு ஆண்டுப் பொறுமையே அதற்கு விலை.

போர்ச்சுகல் வேறு வழி சென்றது. தாத்ரா, நாகர் அவேலி ஊர்கள் 1954இல் தம் கையைவிட்டுப் போனதும், அங்கே செல்ல வழியுரிமை உண்டென்று 1955இல் ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 1960 ஏப்ரல் 12இல் தீர்ப்பு: தனி மனிதருக்கும் சரக்குக்கும் வழியுரிமை இருந்தது, படைக்கும் ஆயுதத்துக்கும் இல்லை, இந்தியா கடமை தவறவில்லை. அதன்பிறகும் போர்ச்சுகல் கோவாவைவிட்டு இறங்கவில்லை. 1961 டிசம்பரில் இந்தியப் படை நுழைந்தது. உடன்படிக்கைக்கு இணங்காதவன் பீரங்கிக்கு இணங்கினான்.

1956இன் உடன்படிக்கையில் நம் நெஞ்சில் பதியவேண்டிய விதி ஒன்று உண்டு. புதுவை மண்ணில் பிறந்து அங்கே குடியிருந்த பிரெஞ்சுக் குடிமகன் இந்தியக் குடிமகனாவான். ஆனால் விரும்பினால், ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலம் அறிவித்துப் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம். எழுத்தறியாத ஏழைக்கு ஆறு மாதம் என்பது கண்மூடித் திறக்கும் நேரம்தான், குறை உண்டு. எனினும், எந்த நாட்டவன் என்பதைத் தனி மனிதன் தானே தேர்ந்துகொள்ளலாம் என்று அந்தத் தாள் ஒப்பியது. 1881இல் துறந்தவர்களின் வழிவந்தோர்க்கு இன்றும் புதுவையில் குடும்ப விவகாரங்களில் பிரெஞ்சு உரிமைச் சட்டம் நடக்கிறது.

அந்த உடன்படிக்கையின் ஏற்புப் பத்திரங்கள் பரிமாறப்பட்ட இரண்டே ஆண்டுகளுக்குப்பின், 1964 அக்டோபர் 30ஆம் நாள், சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் ஏற்பட்டது. இலங்கையின் தேயிலை மலைகளைப் பொன்விளையச் செய்த தமிழர் 9,75,000 பேர் நாடற்றவராக நின்றனர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவோம் என்றனர்! 1974இல் அந்த எச்சத்தையும் பாதிக்குப் பாதி பங்கிட்டனர். முதலில் தொகை, பிறகே மனிதன். விண்ணப்பப் படிவம் கொடுத்தார்கள். ஆனால் தொகையை வகுக்குமுன் தோட்டத் தொழிலாளியைக் கேட்கவில்லை. எஞ்சி நின்ற நாடற்றோர்க்கு இலங்கைக் குடியுரிமை தரும் சட்டம் 2003இல்தான் வந்தது. 1974இன் கச்சத்தீவு ஒப்பந்தமும், 1976இல் கடல் எல்லையோடு வந்த மீன்பிடித் தடையும் இதே இனத்தவை. வலை வீசுகிறவனைக் கேட்காமல் கடலில் கோடு கிழித்தார்கள். கடலில் கிழித்த கோடு கண்ணுக்குத் தெரியாது; கைது செய்யும்போதுதான் தெரிகிறது.

உரைகல்லில் உரைத்தாயிற்று. தெரிவது என்ன? சர்வதேசச் சட்டம் தெய்வ வாக்கும் அன்று. வெறும் ஏமாற்றும் அன்று. அது மனிதர் எழுதியது. மன்னர் மட்டும் எழுதியபோது அது மக்களை உப்போடு சேர்த்து விற்றது. தொழிலாளி எழுந்து நின்றபோது எட்டு மணி நேரம் தந்தது. மக்களின் பிரதிநிதிகளைக் கேட்டபோது துப்பாக்கியின்றி ஓர் ஆட்சியை மாற்றியது. யாரையும் கேட்காதபோது மனிதரைத் தொகையாக்கிப் பங்கு போட்டது.

ஆகவே, ஓர் ஒப்பந்தம் கையெழுத்தாகிறது என்ற செய்தி வரும்போதெல்லாம், எந்தத் தலைவர் எந்தத் தலைவரின் கையைக் குலுக்கினார் என்று படம் பார்த்து மகிழ்வது நம் வேலையாகாது. இதனால் வாழ்வும் தாழ்வும் அடைகிறவன் எவன்? அவனைக் கேட்டார்களா? மறுத்துச் சொல்ல அவனுக்கு வழி உண்டா? இந்த மூன்று கேள்விகளைக் கேட்கப் பழகுவோம். சாதியும் ஒரு கோடுதான். அதையும் மனிதனே கிழித்தான். அதைத் துறந்து ஒரு கையெழுத்துப் போடலாம் என்று 1881லேயே ஏழை எளியவர் செய்து காட்டினர். கோடுகள் நிலையானவை என்று நம்பச் சொல்வோரை, ஒரு மாலைப்பொழுது முத்தியால்பேட்டையிலிருந்து கோட்டக்குப்பத்துக்கு நடத்தி அழைத்துச் செல்லுங்கள். எல்லை எங்கே என்று அவர்கள் கேட்பார்கள். நடந்த வரலாற்றைச் சொல்லுங்கள், அதுவே போதும்.